டக்ளஸ் கொடுத்த சாப்பாட்டு நேரம்

டக்ளஸ் புசல்லாவைக்காரன். கண்டியில் ஒரு துணிக்கடைக்கு விற்பனையாளனாக வந்து, வருடக்கணக்கில் நின்று வேலை பார்த்து, அங்கேயே மனேஜரானான். கால் கடுப்பு என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தான் என்பதுதான் அவனை மன்னிக்க முடியாதவனாக்குகிறது.

மனேஜரானதும் விற்பனைப் பெண்களின் ஸ்டூல்களை மேல்மாடிக்கு அனுப்பினான். "உக்காந்தா தூக்கம் வரும்" என்றான். அவனுடைய கதிரையில் மட்டும் மெத்தை கிடந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கொடுக்கச் சொல்கிறது சட்டம். டக்ளஸின் கடையில் அது, துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி நாலு வாய் அள்ளிப்போடும் நேரம். அவன் மட்டும் மேல்மாடியில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்று, பல்லைக் குத்திக்கொண்டு இறங்கி வருவான். முதலாளியைக் கண்டால் அதே ஆளின் முதுகு தானாக வளையும்.

சித்திரைப் புதுவருட வியாபாரம் தொடங்கியதும் அந்த நாலு வாயையும் நிறுத்தினான்.

"சனம் கொறைஞ்சப்புறம் சாப்பிடுங்க."

சனம் குறையவில்லை. மறுநாள் மதியம், கெலிஓயாவிலிருந்து வேலைக்கு வரும் பர்ஹானா தன் சோற்றுப் பார்சலை எடுத்து வந்து, கடையின் நட்டநடுவே தரையில் உட்கார்ந்து பிரித்தாள். சாரிப் பகுதி ஜெஸ்மின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றப் பெண்களும். கருவாட்டு மணம் கடை முழுக்கப் பரவியது.

டக்ளஸ் ஓடி வந்தான். "என்ன இது? எழும்புங்க! கஸ்டமர் பாக்குறாங்க!"

"பாக்கட்டும் சேர். திண்டுட்டு எழும்புறோம்" என்றாள் பர்ஹானா, தலை நிமிராமல்.

"வேலை போயிரும், தெரியுமா?"

"போனாலும் பசியோட போக மாட்டோம்."

சாரி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சிரித்தாள். "புள்ளைங்க சாப்பிடட்டும். நாங்க நிக்கிறோம்."

டக்ளஸின் போன் அடித்தது. முதலாளி கமராவில் பார்த்திருந்தார். இவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் கொடுப்பதில்லையா என்று கேட்டார்.

"சேர்... நான்தான் சேர் சாப்பிடச் சொன்னேன். பாவம், பசியோட இருந்தாங்க..."

அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான். கொஞ்சம் வெட்கம் இருந்திருந்தால் குரலாவது தாழ்ந்திருக்கும்.

முதலாளிக்கும் பெண்களின் பசி ஒரு பொருட்டல்ல. யாராவது படமெடுத்துத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான். அன்றைக்கே உத்தரவு வந்தது: முறைவைத்து ஆளுக்கு ஒரு மணித்தியாலம்.

இப்போது புதிதாகச் சேர்பவர்களிடம் டக்ளஸ் சொல்கிறான்: "இந்தக் கடையில சாப்பாட்டு நேரம் கொண்டாந்ததே நான்தான். நானும் நின்னு வேலை செஞ்சவன்."

ஒருமுறை பர்ஹானா காதுபடவே சொன்னான். அவள் மணியைப் பார்த்தாள்.

"ஜெஸ்மின், வாங்க, திண்ணப் போவோம்" என்று படியேறினாள்.