நல்ல பனி

நான் குதித்ததிலேயே நல்ல குதி எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் காலில்தான் ஸ்கீ மாட்டியிருந்தது, பறந்ததும் நான்தான், இறங்கியதும் நான்தான். ஆனால் இரண்டாவது மேட்டைத் தாண்டி இறங்கியது வரைதான் ஞாபகம். அடுத்த ஞாபகத்தில் கீழே வேலி ஓரம் நிற்கிறேன், யாரோ என் முதுகில் தட்டுகிறார்கள். நடுவில் இருந்ததை வழித்து எடுத்த மாதிரி காணோம். போன ஜூனில், மழை விடாமல் பெய்த ஒரு பகலில், படத்தொகுப்பு நடக்கிற அறைக்கு நான் போனது அந்தக் காணாமல் போன குதியைப் பார்க்கத்தான்.

நான் பனிச்சறுக்கு ஆடுகிறவள், ஊர் திருவனந்தபுரம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு முழி முழிப்பார் பாருங்கள், அதற்காகவே சொல்வேன். அங்கே எங்கே பனி என்பார்கள். எங்கேயும் இல்லைதான். பக்கத்து மலையான பொன்முடியில் மூடுபனி இறங்கும், அதில் சறுக்க முடியாது. ஆனால் பொன்முடிப் புல்லில் சறுக்கலாம். அம்மா அங்கே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். மாமா வீடு அங்கேயே இருந்ததால் பள்ளி லீவு விட்டால் நான் அங்கேதான். பாக்கு மட்டையில் உட்கார்ந்து புல்சரிவில் வழுக்கிக்கொண்டு வருவோம். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து வருவார்கள். நின்றுகொண்டு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். முன்பல் போனது. அப்புறம் திரும்பி நின்று வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. கல்லூரி முடித்ததும் காஷ்மீருக்கு இரண்டு வாரப் பயிற்சி என்று போனவள், நேராக வேகமாக இறங்குகிறவர்களை விட்டுவிட்டு, மேட்டில் ஏறிப் பறந்து, காற்றில் சுற்றி, பின்பக்கமாக இறங்குகிறவர்களின் பக்கம் போய் நின்றேன். இந்த ஆட்டத்தில் வேகத்துக்குப் பரிசு இல்லை. இரும்புக் குழாய் மேல் சறுக்க வேண்டும், மூன்று மேடுகளில் பறக்க வேண்டும், என்ன வித்தை செய்தாய், எப்படி இறங்கினாய் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. ஊருக்கு வந்ததும் நெடுமங்காட்டில் ஒரு நண்பன் வீட்டுப் பின்பக்கம் பலகையில் சரிவு கட்டி, பிளாஸ்டிக் புல் விரித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஓட்டல்காரர்கள் தூக்கிப்போட்ட மெத்தைகளில் போய் விழுந்து பழகினேன். பகலில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். டீச்சர் கைக்கு என்ன, காலுக்கு என்ன என்று பிள்ளைகள் தினமும் கேட்பார்கள்.

அந்த நண்பன் மலையாளி, கேமராக்காரன். வெயில் நாட்டுக்காரி ஒருத்தியின் ஒரு குளிர்காலம் என்று படம் எடுக்கலாம் என்று அவன் ஒரு சின்ன நிறுவனத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்தான். டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை அவன் என்னோடு வருவது. ஊரில் இன்னொரு கேமரா, அதைப் பிடிக்க ஒரு பெண். என் போட்டி நடக்கிற நாளில் அவள் போய் அம்மாவைப் படம் பிடிப்பாள். பள்ளியில் அந்த ஒரு குளிர்காலத்துக்குத்தான் விடுப்பு கிடைத்தது. அதற்குள் போட்டியில் ஒரே ஒரு தடவையாவது விழாமல் மேலிருந்து கீழ் வரை வந்துவிட வேண்டும், அதுதான் என் ஆசை. பதக்கம் எல்லாம் இல்லை. விழாமல் வர வேண்டும்.

வீட்டில் அம்மாவும் நானும் இரண்டே பேர். அம்மாவுக்குச் சாலை பஜாரில் தையல் கடை, பள்ளிச் சீருடை தைப்பாள். விழுவதற்கு அவள் பயப்பட்டதே இல்லை, பல் போன நாளில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். அவளுக்குப் பயம் காய்ச்சல்தான். எனக்கு ஐந்து வயதில் பொன்முடியில் இருந்து இறங்குகிற பஸ்ஸில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. வளைவு வளைவாகப் பஸ் இறங்க இறங்க, விறைத்துப் போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதனால் நான் கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"ஒடம்புக்கு வய்யாம வந்தா எங்கிட்ட மறைக்கக் கூடாது. காய்ச்சல்னா அன்னைக்கே திரும்பி வந்துரணும், கேட்டியா மக்ளே?"

சரி என்றேன். நான் வாயாடி, கோபக்காரி, ஆனால் அம்மாவிடம் பொய் சொல்கிறவள் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நான் படித்தது மலையாளப் பள்ளி, அதனால் லீவு லெட்டரில் பனி, டாக்டரிடம் பனி, வீட்டுக்குள் வந்தால் தமிழில் காய்ச்சல். ஏழு வயதில் தமிழ்க் காலண்டர் ஒன்றில் பனிமலை என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அந்த மலைக்குப் போனால் எல்லாருக்கும் காய்ச்சல் வருமா என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு வாரம் சிரித்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் பனிச்சறுக்குக்குப் போன பிறகு அது மறுபடியும் கிளம்பியது. ஸ்கீயின் அடியில் மெழுகை உருக்கித் தேய்க்க இஸ்திரிப்பெட்டி வேண்டும் என்று கடையில் சும்மா கிடந்த சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். மகள் பனிமலையை இஸ்திரி போடப் போகிறாள் என்று சாலை பஜார் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள்.

டிசம்பரில் முதலில் காஷ்மீர் போனோம். அங்கே தேங்காயெண்ணெய் கல்லானது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன், ஒரு சொட்டு விழவில்லை. நண்பன் கேமரா பேட்டரிகளை இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, கையை விரிக்க முடியாமல் நடந்தான். புதுப் பனியில் கால் வைத்தால் ஒரு சத்தம் வரும், இறுகிய பனியில் வேறு சத்தம், வெயில் பட்டு இளகியதில் சத்தமே வராது. நான் அதையெல்லாம் போனில் பதிவு செய்து வைத்தேன், எதற்கு என்று கேட்காதீர்கள். இலையில் படிவதும், பொன்முடியில் மூடுவதும், இங்கே கொட்டிக் கிடப்பதும் உங்களுக்கு எல்லாம் ஒரே பனிதானா என்று நண்பன் கேலி செய்தான். உங்கள் மலையாளத்தில் மட்டும் என்ன, மூன்றும் மஞ்ஞுதானே என்றேன்.

முதல் போட்டி ஜார்ஜியாவில். முதல் இரும்புக் குழாயிலேயே இடறி வயிறு அடிபட விழுந்தேன். இரண்டாவது முறை கடைசி மேட்டில் விழுந்தேன். அடுத்த போட்டியை மூடுபனி வந்ததால் ரத்து செய்தார்கள். மூன்று நாள் ஓட்டல் ஜன்னலில் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்ட ஆள் இல்லாமல் மூடுபனியைத் திட்டினேன். மீதி இருந்தது ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊரில் ஒரே ஒரு போட்டி. அதோடு குளிர்காலம் முடிந்தது, விடுப்பும் முடிந்தது.

அந்தப் போட்டியன்று காலை எழுந்தபோது தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. உடம்பு கொதித்தது. நண்பன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. காய்ச்சலை நினைத்து இல்லை. அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டுமே என்றுதான். எங்கள் ஊரில் அப்போது மத்தியானம். அந்தப் பெண் கேமராவோடு கடைக்கு வந்திருப்பாள், அம்மா என் போனுக்காகக் காத்திருப்பாள். காய்ச்சல் என்று சொன்னால் திரும்பி வா என்பாள், நான் போவேன். சொல்லாவிட்டால் மறைத்தவள் ஆவேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சொல் வாயில் வந்து நின்றது.

"அங்க எப்படி இருக்கு மக்ளே?" என்றாள் அம்மா.

"நல்ல பனிம்மா."

"நல்ல பனியா?"

"நல்ல பனி."

மலையாளத்தில் நல்ல பனி என்றால் கடும் காய்ச்சல். தமிழில் அது பனிச்சறுக்குக்காரிக்குக் கிடைத்த வரம். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பது கேட்பவர் பாடு. நான் பொய் சொல்லவில்லை. அம்மா, "சரி, பாத்து எறங்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற நண்பன் மலையாளி அல்லவா, நான் காய்ச்சலைச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டான். அம்மா சம்மதித்துவிட்டாளா என்று ஆச்சரியமாகக் கேட்டான். சம்மதித்துவிட்டாள் என்றேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது, ஆனாலும் காலணியை மாட்டினேன்.

முதல் முறை விழுந்தேன். இரண்டாவது முறை மேலே நின்றபோது வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. காதுக்குள் என் இதயம்தான் அடித்தது. குழாயில் ஏறியது, முதல் மேடு, இரண்டாவது மேடு. அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. மூன்றாவதில் ஒன்றரைச் சுற்று சுற்றி, பின்பக்கமாக, கை தரையில் படாமல் இறங்கினேன் என்று நண்பன் சொன்னான். பதினோரு பேரில் ஒன்பதாவது. பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு முழங்கால் பிசகிவிட்டது. எப்படியோ, விழாமல் வந்துவிட்டேன். அன்று மீதிப் பகல் முழுக்கப் போர்த்திக்கொண்டு கிடந்தேன், அழுதேன், தூங்கினேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், சீருடை சீசன், அவள் மிஷினை விட்டுத் தலை தூக்க மாட்டாள். இப்படியே ஜூன் வந்துவிட்டது.

படத்தொகுப்பு அறையில் நண்பன் திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடை, நேரம் ஒத்துப் போகும்படி இரண்டும் சேர்ந்து ஓடும். முதலில் போன் பேசியதில் இருந்து தொடங்கினான். இடப்பக்கம் கட்டில் விளிம்பில் நான். வலப்பக்கம் அம்மா, தையல் மிஷினுக்கு முன்னால், போனைக் காதில் வைத்துக்கொண்டு. நல்ல பனியா என்று கேட்டபோது அவள் கை துணியை விட்டுவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. போனை வைத்தாள். கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண், என்ன சேச்சி, என்று மலையாளத்தில் கேட்டாள்.

"மோள்க்குப் பனியாணு," என்றாள் அம்மா. மகளுக்குக் காய்ச்சல்.

பனிமலைக்குப் போனால் காய்ச்சல் வருமா என்று கேட்ட பிள்ளையை வைத்து இருபது வருடமாகச் சிரிக்கிறவளிடம் நான் அந்தச் சொல்லைக் கொண்டுபோயிருக்கிறேன். அந்தக் காலையில் எனக்கு இது தோன்றவே இல்லை. திரையில் அந்தப் பெண் பதறிப்போய், திரும்பப் போன் செய்து போகாதே என்று சொல்லுங்கள் என்றாள். அம்மா தலையை ஆட்டினாள்.

"வேண்டா. விளிச்சா அவள் வரும்."

கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். அவ்வளவுதான் சொன்னாள். போனைத் தையல் மிஷின் மேல் சாய்த்து வைத்து, நேரலையைப் போட்டுவிட்டு, ஒரு சீருடைச் சட்டையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். முதல் முறை நான் விழுந்தபோதும் மிதிப்பதை நிறுத்தவில்லை. இரண்டாவது முறை என் பெயரைச் சொன்னார்கள். அவள் கண் போனில் இருந்தது, கால் தன்பாட்டுக்கு மிதித்தது, துணி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கால் நின்றது. கண்ணைத் துடைக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கைநுழைகிற இடத்தைச் சேர்த்துத் தைத்து மூடியிருந்தாள். பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினாள்.

குதியைப் பார்த்தாயா என்று நண்பன் கேட்டான். நான் இடப்பக்கம் பார்க்கவே இல்லை. திரும்பப் போடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

மழையிலேயே சாலை பஜாருக்குப் போனேன். அம்மா மிஷினில் இருந்தாள். சொட்டச் சொட்ட வாசலில் நின்ற என்னைப் பார்த்து, குதித்ததைப் பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை, உன்னைத்தான் பார்த்தேன் என்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வீட்டிலும் கடையிலும் என்னிடம் தமிழைத் தவிர வேறு பேசாதவள், காய்ச்சல் விட்டதா என்று அன்று மட்டும் மலையாளத்தில் கேட்டாள்.

"பனி மாறியா?"

"மாறிம்மா," என்றேன்.

எழுந்து வந்து என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.