அண்ணி வைத்த பெயர்கள்

இடுப்பில் கைக்குழந்தையும் தோளில் லேப்டாப் பையுமாக அண்ணி எங்கள் கல்லூரி லேபுக்குள் நுழைந்த காலை இன்றும் கண்ணில் நிற்கிறது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டு, "எந்த மெஷின்ல மொதல்ல கட் ஆச்சு?" என்றுதான் கேட்டார்.

நான் அப்போது லேப் பொறுப்பில் இருந்தேன். ஒரே ஒரு பெரிய சர்வர்; அதற்குள் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஒரு மென்பொருள் நடத்திக் காட்டும். மாதிரித் தேர்வில் சிலருக்கு மட்டும் பாதியிலேயே நெட்வொர்க் அறுந்தது. செட்டிகுளத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி அழுதேவிட்டாள். அசல் தேர்வோ அடுத்த வாரம். கேபிள்களை எல்லாம் மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகு அண்ணியின் நினைவு வந்தது. சென்னையில் இதுபோன்ற மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர், பிரசவத்தோடு விட்டிருந்தார். "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு" என்று போனில் தயங்கியவர், மறுநாளே வந்துவிட்டார்.

முதலில் விரல்கள் தயங்கின. பிறகு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் பிடிபட்டது. சர்வருக்குள் ஓடும் அந்த மெஷின்களில் ஒன்றை நிறுத்தியதும், அதன் நெட்வொர்க் இணைப்புக்கு இருந்த பெயரை மென்பொருள் அடுத்து தொடங்கும் மெஷினுக்கு உடனே கொடுத்துவிடுகிறது. பழைய இணைப்பை நீக்கும் வேலை சற்றுத் தாமதமாக வந்து, அதே பெயரைப் பார்த்துப் புதியதை அறுத்துவிடுகிறது.

"காலி பண்ணிட்டுப் போனவனுக்கு கட் பண்ண வேண்டிய கரண்ட்ட, புதுசா குடி வந்தவனுக்கு கட் பண்ணுது" என்று சிரித்தார் அண்ணி.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய மென்பொருள் அது. ஒருமுறை கொடுத்த பெயரை மறுபடி கொடுக்காமல், பெயரில் உள்ள எண்ணை ஏற்றிக்கொண்டே போகும்படி சில வரிகளை மாற்றினார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெஷின்களை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினேன். ஒன்றுகூட அறுபடவில்லை.

தேர்வு முடிந்ததும் செட்டிகுளத்துப் பெண் ஓடிவந்து, "கடைசி வரைக்கும் கட் ஆவல மேடம்" என்றாள்.

அந்தத் திருத்தத்தை மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கும் அண்ணி அனுப்பியிருந்தார். சில நாள் கழித்துப் போன் வந்தது. "எடுத்துக்கிட்டாங்க" என்றவர், தொடர்ந்து, "ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நான் திரும்ப வேலைக்குப் போறேன்" என்றார்.

இப்போது அரியலூர் வீட்டு மாடியறைதான் அவருடைய ஆபீஸ். அன்று என் மடியில் இருந்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, சற்றும் யோசிக்காமல் சொன்னாளாம்: "கம்ப்யூட்டருக்கெல்லாம் பேரு வெக்கிறாங்க."