அம்மனுக்குச் சொன்ன எடை

யுத்தம் ஓயாத ஓர் ஐப்பசியில், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே நான் குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸின் மாடிப்படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயது. என்னைத் தூக்கிப்போன நாலு பேரும் உப்பு மூட்டை சுமந்து பழகியவர்கள். அவர்களே வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து இளைப்பாறினார்களாம். உப்பு மூட்டைக்கு அந்த மரியாதை கிடையாது.

பிழைத்தேன். உடம்பு இறங்கினால்தான் மேற்கொண்டு பிழைக்கலாம் என்றார் டாக்டர். "பட்டினி கிடக்காதேயும். வாயைக் கட்டும், நல்லா நடந்து பழகும். மாசத்துக்குக் கொஞ்சம் குறைஞ்சா போதும், அவசரம் வேண்டாம்." அவசரப்படுகிற உடம்பா இது?

டாக்டர் வருவதற்கு முன்பே என் மனைவி வேறோர் இடத்தில் பேசி முடித்திருந்தாள். உடன்குடிக்கு அப்பால், செம்மணல் தேரிக்குள் இருக்கும் எங்கள் குலதெய்வத்திடம், நான் பிழைத்தால் எடைக்கு எடை கருப்பட்டி கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அம்மனுக்கு அந்தந்த வருஷத்துப் புதுக் கருப்பட்டிதான் ஆகும். பதனீர் இறங்கும் காலமோ முடிந்திருந்தது. ஆகையால் சித்திரை வரை அம்மன் காத்திருக்க வேண்டும். அதற்குள் டாக்டர் பேச்சைக் கேட்டு நான் மெலியத் தொடங்கியதுதான் வினையாயிற்று.

பழைய இலக்கியத்தில் மெலிகிறவர்களுக்கு வளை கழலும். எனக்கு வேட்டி கழன்றது. பசி ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. நாற்காலியில் இருந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், கடற்கரை வரை போனால் திரும்பத் தோன்றும். வறுத்த நெத்திலி வாசம் வருகிற தெருவை விட்டுச் சுற்றி நடந்ததில் ஊரில் தெரியாத தெரு இல்லை என்றாகிவிட்டது. மார்கழியில் சட்டை தொளதொளத்தது. மாசியில் கன்னம் வற்றியது. ஒவ்வொன்றையும் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் தட்டில் மூன்றாவது தோசையை வைத்தாள். கையால் மறித்தேன்.

"சாப்பிடுங்க. சித்திரை கழியட்டும், பொறவு மெலிங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா உங்கள எழுப்பி உக்கார வச்சாரு? நான் ஆத்தாகிட்ட சொன்னது அன்னைக்கு இருந்த ஆள. இப்பம் பாதி ஆளக் கொண்டுபோய்த் தராசுத் தட்டுல வச்சா, அவ சும்மா இருப்பாளா? குடுத்தத திருப்பிக் கேட்டுட்டான்னா நான் என்ன செய்ய?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. பரிகாசமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன் தோசையைப் பார்த்தேன். தின்றால் டாக்டர் சொன்ன சாவு, தின்னாவிட்டால் இவள் சொல்லும் சாவு. பாதி தின்றுவிட்டு எழுந்து நடக்கப் போனேன்.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். "வேய், கப்பல்காரனையே எடையில ஏய்க்க முடியல, நீரு அம்மனையா ஏய்க்கப் பாக்கீரு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் படியேறும்போது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. நாஸ்திகப் புத்தகங்களைப் படித்துப் பேசிய வாய்தான். நெஞ்சு அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவில்லை.

சித்திரையில் புறப்பட்டோம். பெட்ரோல் பஞ்சத்தில் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ், வழியில் மூச்சுவாங்கி நின்றது. கண்டக்டர் ஆம்பிளைகளை இறங்கித் தள்ளச் சொன்னான். நானும் தள்ளினேன். நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலில் மனைவியின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. மடியில் ஒரு துணிமூட்டையை அணைத்திருந்தாள். பொங்கலுக்கு அரிசி என்று நினைத்தேன்.

கோவிலில் தராசு கிடையாது. உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் தம் கடைத் தராசை வண்டியில் கொண்டுவந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு தட்டில் நான் சம்மணமிட்டு உட்கார்ந்ததும், மனைவி மூட்டையை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். எங்கள் வீட்டு ஆட்டுரல் குழவி.

"இது என்ன அண்ணாச்சி, கைப்புள்ளையா?" என்றார் வியாபாரி. கூட்டம் சிரித்தது.

"அவரு இறங்குன எடை," என்றாள் மனைவி, சிரிக்காமல். "அதையும் சேத்து நிறுங்க."

வியாபாரி எதிர்த்தட்டில் கருப்பட்டியை அடுக்கினார். என் தட்டு மெல்ல மேலே எழும்பியது. குழவியைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் ஆடினேன். அவள் கூப்பிய கையோடு தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியா நின்னுட்டு தாயி" என்று வியாபாரி சொன்ன பிறகும், இன்னும் ஒரு கருப்பட்டியைத் தன் கையால் வைத்தாள். எதிர்த்தட்டு தாழ்ந்தது. அப்போதுதான் முள்ளை விட்டுக் கண்ணை எடுத்தாள்.

பூசாரி ஒரு கருப்பட்டியை உடைத்துப் பெரிய துண்டாக நீட்டினார். ஆறு மாதப் பசியோடு கையை நீட்டினேன். நடுவில் அவள் கை வந்தது. நகக்கண் அளவு கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"டாக்டரு சொன்னது மறந்துட்டா? ஆத்தாளுக்குச் சேர வேண்டியது சேந்தாச்சு. இனிமே எம்புட்டு வேணாலும் மெலிங்க."

திரும்பும் பஸ்ஸில் குழவி என் மடியில் வந்தது. அவள் ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். நான் அந்த முந்தானை முடிச்சைப் பார்த்தபடி, இருப்புக்கொள்ளாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.