பழக்கிய கல்

அப்பாதுரை முப்பத்தொரு வருஷம் நெருப்போடு குடித்தனம் பண்ணியவர். பெங்களூர் பீன்யாவில் இரும்புச் சாமான்களைப் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்துகிற ஒரு சின்னக் கம்பெனியில் உலைக்காரர் வேலை. இரண்டு பஸ் மாறி லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்து சேரும்போதும் மனுஷன் மேலிருந்து அனல் அடிக்கும். அவருக்கு வாய்த்த டோரீனோ ஏப்ரல் மாதத்திலும் ஸ்வெட்டர் தேடுகிற பிறவி. கர்த்தருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை போலிருக்கிறது, இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் போட்டு வைத்தார்.

"ஊர் இரும்பையெல்லாம் சூடு பண்றீங்க. கட்டுனவ கையை சூடு பண்ணத் தெரியலையே" என்று சில்லிட்ட விரல்களை அவர் கழுத்தில் வைப்பாள். அவர் துள்ளி விழுவார். மகள் லவினா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் கல்யாணமாகி துபாய்க்குப் போன பிறகும் இந்த விளையாட்டு நிற்கவில்லை.

டோரீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் நின்றது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உடம்பிலிருக்கிற ரத்தம் வெளியே ஒரு மெஷினைச் சுற்றிவிட்டு வந்தால் குளிராமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்ததும் இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொள்வாள், பற்கள் கிடுகிடுக்கும். கரண்ட் ஹீட்டர் வாங்கிப் பார்த்தார்கள். அந்த வறண்ட காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கில் ரத்தம் வந்தது. ரிடையராகி வீட்டோடு இருந்த அப்பாதுரை அவள் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உலைக்காரனாக இருந்து என்ன பிரயோஜனம் என்று அவருக்கு வெட்கமாக இருக்கும்.

பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடிக்கப் போகிறார்கள், சாமானெல்லாம் விலைக்கு வருகிறது என்று டோரீனின் தம்பி டென்சில் வந்து சொன்னான். கட்டில் பார்க்கப் போன அப்பாதுரை, கூடத்து மூலையில் நின்ற ஒன்றைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். இடுப்பு உயரம், சாம்பல் நிறக் கல், வார்ப்பிரும்புக் கதவு. வீட்டுக்காரர் க்ளென் கதவைத் திறந்து காட்டினார்.

"எங்க டாடி ஐரோப்பாலேருந்து கப்பல்ல கொண்டாந்தது. விறகு அடுப்புதான், ஆனா சமைக்க இல்ல, குளிர் காய. வெளிய பூரா மாக்கல்லு, உள்ள செங்கல்லு. ரெண்டு மணி நேரம் எரிச்சா போதும், நெருப்பு அணைஞ்சாலும் கல்லு அரை நாளுக்கு மேல சூடா நிக்கும். ரெண்டு வருஷமா சும்மா கெடக்கு, அதனால மொதல் ரெண்டு நாளு சின்னதா எரிங்க. எடுத்த எடுப்புல பெரிசா போட்டுறாதீங்க."

"உலைக்காரன்கிட்டயே உலை பத்திச் சொல்றீங்களே சார்" என்று அப்பாதுரை சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நொந்துகொண்டார்.

ஐந்து பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார்கள். டோரீன் அதைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, இது நம்ம கல்சட்டிக் கல்லு!" என்றாள். சொந்தக்காரர் யாரோ வந்துவிட்ட மாதிரி அவள் முகம் மலர்ந்தது.

கையில் வந்தது செகண்ட் ஹேண்ட் சாமான், அதற்குண்டான சீக்கெல்லாம் அதற்கு இருந்தது. மேல்பலகைக் கல்லில் மயிரிழை விரிசல் ஒன்று, யாரோ சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். கதவைச் சுற்றியிருந்த கயிறு இற்றுப்போயிருந்தது. அந்தக் கயிறு இறுக்கமாக இல்லையென்றால் காற்று உள்ளே புகுந்து விறகு கண்டபடி எரிந்து தீர்ந்துவிடும். புகைக்குழாயே இல்லை. டோரீனின் ஆஸ்பத்திரி நாட்களை டென்சிலிடம் விட்டுவிட்டு, அப்பாதுரை ஒரு வாரம் தினமும் காலையில் பீன்யாவுக்குக் கிளம்பினார். பழைய சிநேகிதர்கள் பட்டறையில் குழாய் வளைத்தார், சாம்பல் தட்டு அடித்தார், சூடு தாங்குகிற கயிறு தேடி நாலு கடை ஏறி இறங்கினார். மனுஷனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

அந்த ஒரு வாரம் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது.

புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றுகிற வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. தினமும் சூடாக வடிகஞ்சியை ஊற்றி வைத்து அதைப் பழக்க வேண்டும். பழக்காத கல் வெடிக்கும். டோரீனுக்குத் தெரிந்தது இதுதான். தனக்காக இந்த மனுஷன் இப்படி அலைகிறாரே, தன் பங்குக்கு இதையாவது செய்வோம் என்று நினைத்தாள். நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தினமும் ஒரு சொம்புக் கஞ்சியை மேல்பலகையில் ஊற்றித் துணியால் தேய்த்தாள். மாக்கல் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. ஆனால் கஞ்சி அந்த விரிசல் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் இறங்கியது. உள்சுவர்ச் செங்கல் அதைக் குடித்துவைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை குழாய் மாட்டி முடிந்தது. அன்று டயாலிசிஸ் முடிந்து வந்தவளுக்கு உதடெல்லாம் நீலம். அவளைப் பார்த்ததும் அப்பாதுரைக்கு க்ளென் சொன்ன இரண்டு நாள் கணக்கெல்லாம் மறந்துபோனது. காய்ந்த சவுக்கு விறகை வாய் கொள்ளுமட்டும் திணித்துப் பற்ற வைத்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மேல்பலகை குறுக்கே பிளந்து, பிளவில் நுரைநுரையாக வெள்ளையாய் ஏதோ பொங்கியது.

"இதுல தண்ணி எப்படி வந்துச்சு? யாரு ஊத்துனது?"

"தண்ணி இல்லீங்க. கஞ்சி. நான்தான் பழக்குனேன்."

"பழக்குனியா? இது இன்னா குழம்பு வெக்கிற சட்டியா? உனக்காக நாயா அலைஞ்சு கொண்டாந்தேன், ஒரே வாரத்துல நாசம் பண்ணி வெச்சிருக்கியே! அறிவுகெட்டவளே, சும்மா கெடக்க மாட்டியா?"

கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. டோரீன் அழவில்லை. கம்பளியைத் தோள்வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"விடுங்க. எனக்கு ஒண்ணும் குளிரல."

அதிலிருந்து அதுதான் அவளுடைய பேச்சு. அவர் பிளவை உலைச் சிமெண்டால் அடைத்து, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு முறுக்கினார். சரியாகத்தான் நின்றது. "கொஞ்சம் எரிக்கட்டுமா?" என்று கேட்டால், "எதுக்கு? எனக்குக் குளிரல" என்பாள். பற்கள் கிடுகிடுக்கும். விரல் நுனி வெளுத்துப் போயிருக்கும். ஆனாலும் குளிரல. அவராக எரித்தால், புகை நெடி ஆகவில்லை என்று உள்ளறைக்குப் போய்விடுவாள். தன் கை பட்டு அது மறுபடி கெட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம். அவருக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? மன்னிச்சிக்கோ என்று ஒரு வார்த்தை. அந்த மனுஷனுக்குத் தொண்டை வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. அவளை அதட்டுவதற்கு மட்டும் வாய் எப்படி வந்தது என்று தன்னையே திட்டிக்கொள்வார். அவள் ஒரே ஒரு தடவை "குளிருதுங்க" என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. கோயிலில் முழங்காலில் நிற்கும்போதுகூட அதைத்தான் கேட்டார்.

டிசம்பர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் அப்பாதுரை சமையலறைக்குள் போனார். அவரே சோறு வடித்தார், கையைச் சுட்டுக்கொண்டார். வடித்த கஞ்சியைச் சொம்பில் எடுத்துக்கொண்டு டோரீன் முன்னால் வந்து நின்றார்.

"வா. பழக்கலாம்."

"இன்னாங்க இது? மறுபடி வெடிச்சுதுன்னா?"

"வெடிச்சா நான்தான் வெடிக்க வெச்சேன். அன்னிக்கும் நான்தான். கஞ்சி மேல தப்பில்ல டோரீன். ரெண்டு நாள் சின்னதா எரிச்சிருந்தா உள்ள காஞ்சிருக்கும். என் அவசரம். நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

டோரீன் கம்பளியை விலக்கினாள். மெல்ல எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியைக் கஞ்சியில் நனைத்து, பிளவின் மேல் படாமல், குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மேலாகத் தடவினாள். தடவி முடித்ததும் ஈரக் கையை அவர் கழுத்தில் வைத்தாள். அவர் துள்ளி விழவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை நாலு சுள்ளி. செவ்வாய்க்கிழமை இரண்டு கட்டை. கல் சத்தம் போடவில்லை. புதன்கிழமை காலையில் டயாலிசிஸுக்கு ஆட்டோ வந்தது. வழக்கமாக அவர்தான் கூடப் போவார். அன்று டோரீன் வாசலிலேயே அவரைத் தடுத்தாள்.

"டென்சில் வரட்டும். நீங்க இங்கயே இருங்க. இன்னிக்கு ரொம்பக் குளிருதுங்க. நான் வர்றதுக்குள்ள பெரிசா போட்டு வைங்க."

குளிருதுங்க! எத்தனை மாதம் கழித்து! ஆட்டோ தெரு திரும்புகிற வரைக்கும் அப்பாதுரை சிரித்தபடியே நின்றார். பத்து மணிக்குப் பற்ற வைத்தார். கதவைச் சாத்தி, காற்று வழியைக் கால்வாசிக்குக் குறைத்து, கல் மேல் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு முன்னறை முழுக்க இதமான சூடு. அவளுடைய நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். அப்போதுதான் போன் வந்தது. "மாமா" என்றான் டென்சில். அழுகைக்கு நடுவே விட்டு விட்டுச் சொன்னான். மெஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கிவிட்டது, எவ்வளவோ பார்த்தார்களாம்.

மூன்று மணிக்கு டோரீனைக் கொண்டுவந்தார்கள். லவினா விமானம் பிடித்து வர மறுநாள் காலை ஆகும். அதுவரை வைத்திருக்க ஐஸ் பெட்டி சொல்லியிருந்தான் டென்சில். பெட்டி கொண்டுவந்த மஞ்சுநாத் முன்னறையில் அதை வைத்து ஒயரைச் சொருகிவிட்டு, சுற்றிலும் பார்த்துக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னான்.

"அண்ணா, ரூம்பு இஷ்டு சூடு இருந்தா பெட்டில கூலிங் நிக்காது. அந்த அடுப்பை ஆஃப் பண்ணிடுங்க."

"நெருப்பு அப்பவே அணைஞ்சிடுச்சுப்பா" என்றார் அப்பாதுரை. "கல்லு ஆறாது. விடியிற வரைக்கும் ஆறாது."

"ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திடலாமா மாமா?" என்றான் டென்சில்.

"ஊத்துனா வெடிச்சிடும்டா. அவ பழக்குனது அது."

வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கி வாசலில் ஷாமியானா பந்தலுக்கு அடியில் வைத்தார்கள். சாயங்காலம் ஆனதும் காற்று ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கல்லைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இவ்வளவு நல்ல அடுப்பா என்று யாரோ வியந்தது வாசல் வரைக்கும் கேட்டது. அப்பாதுரை மட்டும் வெளியிலேயே இருந்தார். சட்டையோடு, பெட்டியின் கண்ணாடி மேல் கையை விரித்து வைத்தபடி. கண்ணாடி சில்லென்றிருந்தது.

டென்சில் ஒரு சால்வையோடு வந்தான். "மாமா, குளிரு தாங்கல. உள்ள வந்து உக்காருங்க, நல்லா சூடா இருக்கு."

"நீ போடா. எனக்குக் குளிரல" என்றார் அப்பாதுரை. அவர் பற்கள் கிடுகிடுத்தது டென்சிலுக்குக் கேட்டது.