பச்சைமுத்து கழுவிய சைக்கிள்

பச்சைமுத்து இறால் பிடிப்பது வலையால் அல்ல, கையால். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவித் துழாவியே ஐம்பது வயதாகிவிட்டது. மனைவி இறந்தபின் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. மகள் சரண்யா இந்தச் சேற்றில் இறங்கக் கூடாது.

அதற்கு ஒரு வழியும் வந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை வைத்துக்கொண்டே பெண் மாவட்ட சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கப் பத்து நாள் முகாம் என்றார்கள். எடுபட்டால் சென்னையில் விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் உண்டு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். விட்டால் விட்டதுதான்.

கார்த்திகையில் முகாம் வைக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ! முதல் நாளே புயல் சின்னம். பக்கத்து ஊரான திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்துப் பெண்களில் ஒன்பது பேரைத் தங்கவைத்தார்கள். மேலே ஒழுக்கு, கீழே ஈரப் பாய். வரவேண்டிய மெக்கானிக் மழையைச் சாக்குச் சொல்லி வரவே இல்லை. அவரவர் சைக்கிளை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார் கோச் விஜயராகவன். உள்ளூர்ப் பெண் என்பதால் சரண்யாவை மட்டும், முகாமில் கொடுத்த பந்தய சைக்கிளோடு, தினமும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் வந்து சேரும்போது அவளும் சேறு, சைக்கிளும் சேறு. இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு அப்படியே சுருண்டு படுத்துவிடுவாள். பச்சைமுத்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார். தெருக் குழாயில் குடிக்கவே தண்ணீர் போதாத ஊர். படகானாலும் பாத்திரமானாலும் இங்கே ஏரியில்தான் கழுவுவார்கள். அந்த நாட்களில் புயல் முகத்துவாரம் வழியாகக் கடலையே ஏரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த உப்புத் தண்ணீரில் சைக்கிளை முழுக்க அமிழ்த்தி, கம்பி கம்பியாகத் தேய்த்து, துடைத்து, செயினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார். பெற்ற பெண்ணுக்குக்கூட அவர் இவ்வளவு பொறுமையாகத் தலை துவட்டிவிட்டதில்லை.

“சரண்யா சைக்கிளப் பாருங்க, இன்னா சுத்தமா வெச்சிருக்கா! நீங்களும் இருக்கீங்களே” என்று ஆறாம் நாள் கோச் மற்ற பெண்களைத் திட்டினாராம். அதைக் கேட்டதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து காலையிலும் ஒருமுறை கழுவினார்.

பத்தாம் நாள் தேர்வு. கொட்டுகிற மழையில் மண்டபத்திலிருந்து பழவேற்காடு வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் நான்கு பேருக்குத்தான் இடம். முடிகிற இடத்தில் பஸ் நிழற்குடைக்குள் பச்சைமுத்து நின்றார். திரும்பும்போது சரண்யாதான் முன்னால் இருந்தாள் என்று பைக்கில் வந்த ஒருவர் சொன்னார். பச்சைமுத்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒன்பது பேர் வந்து முடிந்தபின், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியே வந்தாள் சரண்யா. முழங்காலில் ரத்தம். அறுந்த செயினைக் கையில் சுற்றியிருந்தாள்.

கோச் அதை வாங்கி ஒரு கண்ணியை வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை. விரலெல்லாம் செம்மண் நிறத்தில் தூள் ஒட்டிக்கொண்டது.

“இன்னாம்மா இது? மேல எண்ண, உள்ள பூரா துரு! உப்புத் தண்ணில போட்டியா?”

சரண்யா ஒரே ஒரு தடவை நிழற்குடைப் பக்கம் பார்த்தாள்.

“ஆமா சார். நான்தான் ஏரில கழுவுனேன்.”

“பத்து நாளுமா?”

“பத்து நாளும் சார்.”

“தானா அறுந்துச்சுன்னா நாளைக்கு உனக்கு மட்டும் மறுபடி ஓட்டம் வெச்சிருப்பேன். இது அலட்சியம். சைக்கிளக் காப்பாத்தத் தெரியாதவளுக்கு டீம்ல இன்னா வேல? போம்மா.”

நான்தான் சார் கழுவினேன், பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் பச்சைமுத்து மழையில் இறங்கி அவர் முன்னால் போய் நின்றார்.

“இன்னா?” என்று திரும்பினார் விஜயராகவன்.

அதட்டல்கூட இல்லை, வெறும் கேள்விதான். ஆனால் பேன்ட் போட்ட ஆள் எதிரே நின்று கேட்டால் தரையைப் பார்ப்பது பச்சைமுத்துவுக்கு வாழ்நாள் பழக்கம். தாலுகா ஆபீசில் அப்படித்தான், ரேஷன் கடையில் அப்படித்தான். பாழாய்ப்போன அந்தப் பழக்கம் அன்றைக்கும் விடவில்லை.

“ஒண்ணுமில்ல சார்” என்றார்.

சைக்கிளை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் மகளும் நடந்தே வீடு திரும்பினார்கள். பாதி வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், பச்சைமுத்து உடைந்து அழுதார்.

“நான்தாம்மா கழுவுனேன். நான்தான் கெடுத்துட்டேன்.”

சரண்யா நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும் நைனா. அங்க சொல்லியிருக்கலாம்.”