தலையணை மூட்டையும் பன்னிரண்டாயிரம் கிளிக்கும்

1. இரண்டு வரி மெயில்

கிளையண்டிடமிருந்து வந்த மெயிலில் இருந்தது இரண்டே வரி. "கிழவர் நன்றாக நடிக்கிறார். ஆனால் மூட்டையில் கனமே இல்லை."

எங்கள் முதலாளி தபன்தா (வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன்) அதைச் சத்தமாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். நான் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் மூட்டையில் உண்மையிலேயே கனம் கிடையாது. அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோ. அதற்குமுன் கல்யாண வீடியோவுக்கு டைட்டில் போட்டுக்கொண்டிருந்த இடம். நான் சேர்ந்து எட்டு மாதம், இன்னும் தற்காலிகம்தான். வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்று எங்களுக்கு ஒரு டெஸ்ட் ஷாட் கொடுத்திருந்தது. முதுகில் மூட்டையோடு ஒரு கிழவர் நான்கு படி இறங்கி, மூட்டையைக் கீழே வைக்க வேண்டும். பன்னிரண்டு விநாடி. அது தேறினால் வருடக்கணக்கில் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் கல்யாண டைட்டில், அதற்கு நான் தேவையில்லை.

வீட்டில் வேறு ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏறி இறங்குகிற சரக்கைச் சரிபார்க்கிற கிளார்க். அந்த மாதக் கடைசியில் ரிடையர்மென்ட். அலிப்பூர் பக்கத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பவேண்டும்.

"ஏட்டி, ஆபீஸ்ல இருந்து நிரந்தரம்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வா, ஹாஸ்டல்ல இருந்துக்க. இல்லன்னா எடுத்திருக்க நாலு டிக்கெட்டுல ஒண்ணு ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். நான் பிறந்ததே கல்கத்தாவில். திருநெல்வேலியில் போய் நான் என்ன செய்வது? போகவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

2. பொட்டு ஒட்டுகிற வேலை

மோஷன் கேப்சர், அதாவது ஒரு மனிதரின் அசைவைக் கம்ப்யூட்டர் பொம்மைக்கு ஏற்றுவது, இப்போது போனிலேயே வந்துவிட்டது. அன்றைக்கு அதற்கென்று தனி உடுப்பு, தனி கேமரா, தனி அறை. அதெல்லாம் நாங்கள் பத்திரிகையில் படம் பார்த்ததோடு சரி. தபன்தா படித்தது சிவில் இன்ஜினியரிங். "உடுப்பு இல்லன்னா என்ன? நிலத்த அளக்கலாம், மலைய அளக்கலாம், மனுஷன அளக்க முடியாதா?" என்றார். (வங்காளத்தில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.)

அவர் கண்டுபிடித்த வழி இது. பூஜா பந்தல் கட்டுகிறவரைக் கூப்பிட்டு, ஆறடிக்கு ஆறடி கன சதுரமாக ஒரு மூங்கில் கூடு கட்டச்சொன்னார். மொட்டை மாடியில் அதை நிறுத்தி, முன்னால் ஒரு ஹேண்டிகேம், பக்கவாட்டில் ஒரு ஹேண்டிகேம். கூட்டின் மூலைகள் எங்கே இருக்கின்றன என்று அளவு தெரியும் அல்லவா? அதை வைத்து, இரண்டு வீடியோவிலும் தெரிகிற ஒரு புள்ளி உண்மையில் எங்கே இருக்கிறது என்று கணக்குப்போட ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மூளை என்றால் அதுதான் மூளை.

கூட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நான்கு மரப்படியைப் போட்டு நடிகரை நிற்கவைப்போம். வெள்ளை பனியன், வெள்ளை பைஜாமா. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று இருபது இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. கரியாஹாட் நடைபாதைக் கடையில் பெரிய சைஸ் பொட்டாகப் பார்த்து அட்டை அட்டையாக வாங்கியவள் நான்தான். "வீட்டில் கல்யாணமா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். யார் உட்கார்ந்து விளக்குவது!

பிறகு வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரிப்போம். விநாடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம், பன்னிரண்டு விநாடிக்கு முந்நூறு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இருபது பொட்டின்மேலும் மௌஸால் கிளிக் செய்யவேண்டும். இரண்டு கேமராவுக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் கிளிக். அதைச் செய்தவன் பிஸ்வஜித். என் வயதுதான் அவனுக்கு. ஒரு பொட்டைக்கூட விடமாட்டான், கையை உதறிக்கொண்டு மறுபடி உட்காருவான். அவன் கொடுக்கிற புள்ளிகளைக் கம்ப்யூட்டர் எலும்புக்கூட்டில் மாட்டி, ஆட்டம் இருந்தால் அசைவைக் கோடாகக் காட்டுகிற கிராஃபைச் சீர்செய்து, கிழவரை நடக்கவைப்பது என் வேலை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் அப்பா, "பொட்டு ஒட்டுததுக்கா ஒன்னக் கம்ப்யூட்டர் படிக்கவச்சேன்?" என்பார்.

3. நான் செய்த காரியம்

நடிகர் நிர்மல்தா. ஜாத்ரா நடிகர். நம் கூத்துப்போலத் திறந்தவெளியில் விடிய விடிய நடக்கிற வங்காள நாடகம் அது. முப்பது வருடம் ராஜா வேஷம் கட்டியவர். குரலைத் திறந்தால் மூன்றாம் மாடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும். வயது ஐம்பத்தெட்டு, இடுப்பில் பழைய வலி, பெல்ட் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

சாக்கில் இருபத்தைந்து கிலோ அரிசி போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் தபன்தா. நிர்மல்தா படியேறி மாடிக்கு வந்ததிலேயே மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அரிசியை எடுத்துவிட்டு, ஆபீஸில் மத்தியானம் தூங்கப் போட்டிருந்த இரண்டு தலையணையைத் திணித்து வாயைத் தைத்துவிட்டேன். அவர் காதில் மட்டும் சொன்னேன்.

"நல்லா இரும்மா. கனத்த நான் நடிச்சுக் காட்டிடுறேன், நீ பாரு" என்றார்.

நடித்தார் பாருங்கள், அடேயப்பா! நெற்றி சுருங்கியது, பல்லைக் கடித்தார், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். மூட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்து நெற்றி வியர்வையை வழித்து எறிந்தபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ஒரே டேக். "ஒரு பொட்டுகூட விழல, பாத்தியா?" என்று பிஸ்வஜித்துக்கு ஒரே பெருமை. கல்கத்தா ஜூன் மாத வெயிலில் ஒருவர் மூட்டை தூக்கிப் பொட்டு விழவில்லை என்றால் அவருக்கு வியர்க்கவில்லை என்று அர்த்தம். அந்த நெற்றியில் வழித்து எறிய ஒன்றுமே இல்லை. அது அப்போது எவருக்கும் உறைக்கவில்லை.

4. பிஸ்வஜித்தின் கண்

மெயிலை வாசித்த தபன்தா நேரே பிஸ்வஜித்திடம் போனார். "கனம் தெரியலைன்னா புள்ளி தப்பு. நீ அவசரத்துல கிளிக் பண்ணிருக்க. மொத்தத்தையும் மறுபடி பண்ணு."

பிஸ்வஜித் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் ஃப்ரேமைத் திறந்தான்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும், டிக்கெட்டுதான் என்று பயம். அன்று முழுக்க என் மானிட்டரைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அவன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, சிவந்த கண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "வசந்தா, என் புள்ளி நிஜமாவே தப்பாத்தான் இருக்கா? எனக்கு எல்லாம் அதே இடத்துலதான் வருது" என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்துபோய்த் தபன்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தலையணையா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்மாடி டாக்டர் கிளினிக்கிலிருந்து ஆள் வந்துவிட்டது. "ரெண்டு நாள்! ஒரு பையன் ரெண்டு நாளா கண்ண அழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், நீ பாத்துக்கிட்டு இருந்த!"

திட்டு முழுக்க நியாயம். பிஸ்வஜித்தோ என்னைத் திட்டவே இல்லை. "அப்ப என் புள்ளி சரி" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றுவரை வரவில்லை.

5. முகம் இல்லாத ராஜா

கிளையண்ட் இன்னும் பத்து நாள் அவகாசம் கொடுத்தார். நிர்மல்தாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். தன் ஷாட்டைப் பார்க்கவேண்டும் என்றார். திரையில் போட்டுக் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் இருபது வெள்ளைப் புள்ளி, நடுவில் குச்சி குச்சியாகக் கோடு. அவ்வளவுதான்.

"முகம் எங்கம்மா?"

"முகம் கிடையாது நிர்மல்தா. புள்ளி மட்டும்தான்."

"குரல்?"

"அதுவும் கிடையாது."

திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஏழெட்டுத் தடவை ஆயிற்று. எனக்குப் பயமாக இருந்தது, பெரிய நடிகர், கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று. கடைசியில் சிரித்தார். "முப்பது வருஷமா முகத்தையும் குரலையும் வச்சே ஓட்டிட்டேன் போலிருக்கே! இங்க பாரு, மூட்டைய வச்ச உடனே விறைப்பா நிமிர்றேன். எந்தக் கூலியாள் அப்படி நிமிருவான்? நாலு நாள் குடு" என்றார்.

நான்கு நாளும் காலையில் காளிகாட் கடைத்தெருவில் போய் நின்றிருக்கிறார். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே! பெயர்பெற்ற ஜாத்ரா ராஜா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு நின்று, முதலில் ஐந்து கிலோ, பிறகு பத்து என்று தூக்கிப் பழகியிருக்கிறார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. "தூக்கறதுக்கு முன்னால கால அகட்டி நிலத்தத் தேடுறாங்க. படில எறங்கும்போது முகம் சுளிக்கிறதில்ல, பேசறதே இல்ல. வச்சப்புறம் ரெண்டு மூச்சு குனிஞ்சபடியே நிக்கிறாங்க" என்று வாசித்துக் காட்டினார். அந்த மனுஷனைக் கும்பிடவேண்டும்போல் இருந்தது.

6. அரிசி

இரண்டாவது ஷூட்டில் சாக்கில் அரிசியைக் கொட்டியது நான். தபன்தா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். "இடுப்பு தாங்குமா?" என்று நான் கேட்டதற்கு, "பெல்ட்ட இறுக்கிட்டேன். டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். மூணு டேக், அதுக்குமேல கேக்காத" என்றார் நிர்மல்தா.

முதல் டேக்கில் இரண்டாவது படியிலேயே முழங்கால் பொட்டு வியர்வையில் நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. பிஸ்வஜித் ஊசி நூலோடு உட்கார்ந்து எல்லாப் பொட்டையும் உடுப்போடு சேர்த்துத் தைத்தான். மூன்றாவது டேக்கில் நிர்மல்தா ஒரு முனகல்கூட முனகவில்லை. மூட்டையை வைத்தார், குனிந்தபடியே நின்றார். நாங்கள் கை தட்ட மறந்துவிட்டோம்.

புள்ளிகள் என் கைக்கு வந்தன. மூன்றாவது படியில் வலது முழங்கால் கிராஃபில் ஒரு நடுக்கம் இருந்தது. பழக்கதோஷம், கிளிக் பிசகு என்று நினைத்து அதைச் சமப்படுத்தக் கை போய்விட்டது. அப்புறம் வீடியோவைத் திறந்து பார்த்தேன். முழங்கால்தான் நடுங்கியிருக்கிறது. இன்னொரு தலையணையைத் திணிக்கப் பார்த்தேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்படியே விட்டேன்.

ஷாட்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாளில் அப்பா ஆபீஸுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவேண்டும் என்று வந்திருக்கிறார். தபன்தா போனில் இருந்ததால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் குச்சி மனிதர் இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா சும்மா பார்த்தார். பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இருவத்தஞ்சு கிலோச் சாக்கு" என்றார். "ஒரு கிலோ முன்னப்பின்ன இருக்கும்."

"எப்படிப்பா தெரியும்?"

"முப்பத்தஞ்சு வருசமா வேற என்னத்தப் பாத்தேன்?" திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத நீயா பண்ணுன?"

"நாங்க எல்லாரும் சேர்ந்துப்பா."

தபன்தா போனை வைத்துவிட்டு வந்தார். அப்பா எழுந்து கும்பிட்டார். ஊருக்குக் கிளம்புகிறோம், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். என்னையும் கூட்டிப்போவதைப்பற்றி வாயே திறக்கவில்லை. வெளியே படிக்கட்டில் வைத்து, "ஹாஸ்டல்ல சோறு நல்லாருக்குமா, விசாரிச்சியாட்டி?" என்று கேட்டார். லெட்டர் இன்னும் என் கையில் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அங்கேயே நின்று அழுதேன்.

7. இன்னொரு இரண்டு வரி

நான்காம் நாள் மெயில் வந்தது. இதுவும் இரண்டே வரி. "ஷாட் ஓகே. மூட்டை தூக்கியவருக்கு இடுப்பு ஒன்றும் ஆகிவிடவில்லையே?"

இடுப்பைப்பற்றி நாங்கள் எழுதியதே இல்லை. இருபது புள்ளியில் அவ்வளவும் தெரிந்திருக்கிறது.

நிர்மல்தாவுக்குப் போன் போட்டு வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். "முப்பது வருஷத்துல குரலுக்குக் கை தட்டிருக்காங்க, கிரீடத்துக்குக் கை தட்டிருக்காங்க. என் இடுப்பப் பத்தி ஒருத்தன் கேக்கறது இதுதான் முதல் தடவ" என்றார்.

நிரந்தரம் என்ற லெட்டரும் வந்தது. அதற்கப்புறம் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்துவிட்டேன். உடுப்பு வந்தது, பொட்டு போயிற்று, இன்றைக்குச் சாதாரண வீடியோவைப் போட்டால் மென்பொருளே புள்ளி வைத்துக்கொள்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வீடியோவில் இல்லாததை நம்மால் சேர்க்க முடியாது, மறைத்தால் எங்கேயாவது வேறொருவர் கண் சிவக்கும். ஷூட்டிங் அன்றைக்கு நடிகர் வருவதற்குமுன் போய், மூட்டையை நானே ஒருதடவை தூக்கிப் பார்த்துவிடுவேன்.