கவர் வெண்ணெயும் பீங்கான் சாடியும்

தேயிலைக் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனேன். ரிட்டயர் ஆனால் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எஸ்டேட்டில் எல்லோருக்கும் இதுதான். கீழே கம்பத்திலோ போடியிலோ எனக்கு வீடு கிடையாது. பிள்ளைகளும் இல்லை.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டு வரிசையைக் குத்தகைக்கு எடுத்தார். மூணாறு மாட்டுப்பட்டிக்கு மேலே, ஆள் குறைந்து பாதி பூட்டிக் கிடந்த லயம். விருந்தாளிகள் தங்குகிற இடமாக மாற்றினார். எல்லாம் அவர் மனைவியின் யோசனை. 'கன்ட்ரி ஸ்டைல்' என்று சொல்வார்.

சுவரில் இருந்த பெயின்டைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார்கள். புதுப் பலகையில் அலமாரி செய்து, அதைச் சங்கிலியால் அடித்துப் பழசாக்கினார்கள். நான் நின்று பார்த்தேன். முதுகில் தோல் உரிய நாங்கள் சுமந்த கொழுந்துக் கூடையைச் சுவரில் மாட்டி, உள்ளே பல்பு போட்டார்கள். பல்பு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, நீங்க எங்கயும் போக வேண்டாங்க. கடைசி ரூம்ல இருந்துக்குங்க. கெஸ்ட் வந்தா கண்டாங்கி கட்டிட்டு விறகடுப்புக்கிட்ட உக்காரோணும். ரொட்டியும் வெண்ணெயும் குடுக்கோணும். வெண்ணெய் நீங்க கடைஞ்சதுன்னு சொல்லோணும். அவ்வளவுதாங்க."

நாங்கள் எந்தக் காலத்தில் வெண்ணெய் கடைந்தோம்? மாடு வைத்திருந்தவர்கள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினார்கள். வீட்டில் பால் இல்லாத கட்டஞ்சாயாதான். ஆனாலும் தலையாட்டினேன். அறை வேண்டும்.

வெண்ணெய் மூணாறு கடையிலிருந்து கவரில் வரும். அதை வைக்க ஒரு பீங்கான் சாடி. இரண்டு துண்டு. அடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூடியின் உள்பக்கம் ஒரு குழி. அதில் வெண்ணெயை அடைத்து, தண்ணீருக்குள் கவிழ்த்து வைக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாமலே கெடாதாம், இளகியே இருக்குமாம். பிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தது. ஸ்டைலுக்கு ஆகாது என்று திரை போட்டு மறைத்திருந்தார்கள்.

முதல் விருந்தாளிகளாக வடக்கே இருந்து புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். காலையில் அடுப்பைப் பற்றவைத்தேன். மலையில் எல்லாம் நமத்துப்போகும். உப்பு, தீப்பெட்டி, கருவாடு எதுவானாலும் அடுப்போரம்தான் வைப்போம். அந்தக் கைப்பழக்கத்தில் சாடியையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

மேசைக்குக் கொண்டுபோய் வைத்ததும் அந்தம்மா மூடியைத் தூக்கினார். குழி காலி. வெண்ணெய் உருகி இறங்கி, தண்ணீர்மேல் மஞ்சளாக மிதந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அடுப்போரம் வெச்சேன் மேடம்."

"அங்க எதுக்குங்க வெச்சீங்க?"

"எல்லாத்தையும் அங்கதான வைப்போம்."

விருந்தாளிப் பெண் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். அந்தம்மா சிரித்த முகம் மாறாமல் என்னிடம் சொன்னார்.

"நீங்க கடைஞ்சதான்னு கேக்கறாங்க. ஆமான்னு சொல்லுங்க. இல்லீன்னா ரூமைப் பத்தி எங்க வீட்டுக்காரருகிட்ட நான் பேச முடியாதுங்க."

தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று தெரிந்தது. இருந்தாலும் வாயில் பொய் வரவில்லை.

"நான் கடையல. கடையில வாங்குனது. கவரு குப்பையில கிடக்கு, எடுத்தாந்து காட்டவா?"

அந்தம்மா அவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். நான் சொன்னது அவ்வளவு நீளம் இல்லை. விருந்தாளிப் பெண் நெஞ்சில் கை வைத்தாள். கண் கலங்கியது. என்னையும் சாடியையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். மிதந்ததை வழித்து ரொட்டியில் தடவித் தின்றாள்.

வாட்ச்மேன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து லயத்துக்காரன். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்.

"ஏலே, அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"யக்கா, வெண்ணெயத் தண்ணியில மிதக்க விடுறதுதான் உங்க வம்சத்து வழக்கமாம்லா. உங்க ஆத்தாளுக்கு ஆத்தா சொல்லிக் குடுத்ததாம்."

"எங்க ஆத்தா வெண்ணெயக் கண்ணால பாத்திருப்பாளா?"

"நல்ல வேளை செத்துட்டா. இல்லன்னா அவளையும் சேல கட்டி உக்கார வெச்சிருப்பாவ."

சாயங்காலம் அந்தம்மா அடுப்படிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் பல்.

"ரூம் உங்களுக்குத்தாங்க. அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. தினமும் இப்படியே உருக்கி மிதக்க வுடுங்க."

"விடுறேன். ஆனா நான் கடைஞ்சேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"நீங்க பேசவே வேண்டாங்க. நான் பாத்துக்கறேன்."

இப்போதும் விருந்தாளி வந்தால் கண்டாங்கி கட்டி உட்காருகிறேன். வாயைத் திறப்பதில்லை. நான் மௌன விரதம் என்று அந்தம்மா சொல்லி வருகிறாராம். சிலர் காலில்கூட விழுகிறார்கள். விழட்டும். இந்த மழைக்கு அறை ஒழுகவில்லை.